பதினேழு கேள்விகளும் ஒரு காலிக் கட்டமும்

1

இந்தக் கதைக்கு என் கைபேசிதான் காரணம். 'புதிய பதிப்புக்கு மாறச் சம்மதமா?' என்று கேட்டது. படிக்காமல் 'ஆம்' என்றேன். எதற்குச் சம்மதித்தேன் என்று இன்றுவரை தெரியாது. (காப்பி வேண்டுமா என்று கேட்டால்கூட ஒரு நிமிடம் யோசிப்பவள் நான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிய அந்த மாலையில், சர்வர் அறைக்குள்...' வேண்டாம். சர்வர் அறைக்கு ஜன்னலே கிடையாது. மழையை யார் பார்த்தது?

மறுபடியும். ஒரு ரத்த வங்கி. கொடையாளர் விவரங்கள் இருக்கும் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்ற ஒரு கருவி. அது பதினேழு கேள்வி கேட்கும். பதில் சொல்பவர் கணினி இயக்குபவர். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்பதால் பட்டப்பெயர் ஆமாஞ்சாமி. போன முறை ஏழாவது கேள்வி, 'நகல் எடுத்தாயிற்றா?' எடுத்துத்தான் இருந்தார். மாற்றம் பாதியில் முறிந்தபோது அந்த நகல் திறக்கவில்லை. இரண்டு நாள் பதிவுகள் போயின. இன்னொரு தடவை நடந்தால் வேலை போகும் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

3

கருவியைத் திருத்தும் வேலை ஓர் இளம்பெண்ணுக்கு வந்தது. (அதிகம் பேசமாட்டாள். கதாபாத்திரத்துக்கு இது குறைதான். எனக்கும்.) அவள் பதினேழு கேள்விகளையும் எடுத்துவிட்டாள். இனி கருவியே நகல் எடுக்கும். வேறோர் இடத்தில் திறந்து பார்க்கும். திறந்தால்தான் மேலே போகும்.

ஆமாஞ்சாமி அவள் மேசைக்கே வந்துவிட்டார். "அப்ப எனக்கு என்னம்மா வேலை?"

"பொத்தானை அமுக்குங்கண்ணா. அப்புறம் டீ குடிங்க."

மேலாளர் மேடமோ ஏழாவது கேள்வி மட்டும் இருக்கட்டும் என்றார். "யாரு ஆமான்னாங்கன்னு பதிவு வேணும்ல?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நகல் எக்கேடு கெட்டாலும் பழியை இறக்கிவைக்க ஒரு தலை வேண்டும். அதற்குத்தான் அந்தக் கேள்வி. சரி என்று தலையாட்டினாள். கேள்வியைச் சேர்க்கவில்லை.*

* கூச்சக்காரர்கள் இப்படித்தான் மறுப்பார்கள்.

4

மாற்றும் நாள். மூவரும் திரை முன்னால். ஆமாஞ்சாமி பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான்கு நிமிடம் கழித்து எழுத்து வந்தது: 'நகல் திறக்கவில்லை. நிறுத்திவிட்டேன். ஒரு பதிவும் மாறவில்லை.'

(கருவி ஜெயிப்பதாக எழுத நினைத்திருந்தேன். யோசித்தால் ஜெயித்துத்தான் இருக்கிறது.)

மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மாற்றம் நின்றுபோனால் நிரப்ப வேண்டியது. ஒரே கட்டம்: 'தவறியவர் பெயர்'.

"யாரைப் போடறது?"

"யாரும் ஆமான்னு சொல்லலையே மேடம்," என்றார் ஆமாஞ்சாமி. வாழ்க்கையில் முதல் முறையாக 'இல்லை' சொன்ன ருசி அவர் முகத்தில் தெரிந்தது.

5

முடிவுகள் சில வைத்திருந்தேன். (அ) வழக்கம்போல் ஆமாஞ்சாமி தலையிலேயே விடிகிறது. (ஆ) அவள் வாயைத் திறந்து "நான்தான்" என்கிறாள். (இ) மேலாளர் படிவத்தைக் கிழித்து... இதை நானே நம்பவில்லை.

இவை எதுவும் சரிவராது. கதையில் ஒருவருக்கும் நான் பெயர் வைக்கவில்லை. (பட்டப்பெயர் படிவத்தில் செல்லாது.) சோம்பல் என்று நினைத்திருப்பீர்கள்.

மேலாளர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். பெயருள்ள ஆள் ஒருவர்தான் தென்படுகிறார். பேனாவை உங்கள் பக்கம் திருப்புகிறார்.

"உங்க பேரைப் போட்டுக்கலாமா?"

பதில் சொல்லுமுன் கேள்வியை ஒருமுறை படித்துவிடுங்கள்.