லிங்கராஜுக்காக ஜெபித்தவர்கள்

1997ஆம் ஆண்டு தவக்காலம் தொடங்கி, நோயில் கிடந்த லிங்கராஜுக்காக ஜெபிக்க வந்த எல்லாருக்கும் அவரவர் நோய் குணமாயிற்று. லிங்கராஜுக்கு மட்டும் ஆகவில்லை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் இருபது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர் அவர். ஈரலில் புற்று, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு, கரமனை ஆற்றை ஒட்டிய அந்த வாடகை வீட்டுக்கு வியாழக்கிழமைதோறும் சபையார் வந்து கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டார்கள். முதல் வாரம் எலிசாளின் முட்டுவலி போயிற்று. இரண்டாம் வாரம் சுசீலாபாய்க்குச் சர்க்கரை இறங்கியது. மூன்றாம் வாரம் உபதேசியார் நேசையனைப் பதினாறு வருஷமாகப் படுத்திய ஒற்றைத் தலைவலி, ஆமென் சொல்வதற்குள் விட்டுப்போயிற்று. மூவரும் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னார்கள்.

அப்புறம் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். வித்துராவிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். அக்ரகாரத்துப் பட்டாபி, பத்து வருஷ இடுப்புவலிக்காரர், வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "நானும் சித்த கண்ண மூடிண்டு உக்காரலாமா?" என்று கேட்டு உட்கார்ந்தார், போகும்போது நிமிர்ந்து நடந்து போனார். லிங்கராஜோ கண் மஞ்சளாகி, வயிறு மட்டும் உப்பி, மற்றதெல்லாம் எலும்பாகிக்கொண்டிருந்தார். கேட்டால் விசுவாசக் குறைவு என்றார்கள். மறைத்த பாவம் ஏதாவது இருக்கும் என்றார்கள். மனிதர் மூன்று நாள் யோசித்து, 1983இல் வேலை இடத்திலிருந்து அரை மூட்டை சிமென்ட் தூக்கி வந்ததை அறிக்கையிட்டார். அதைக் கேட்டு மனமுருகி ஜெபித்த இரண்டு பேருக்கு மூலவியாதி சரியாயிற்று. வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தார்கள். அதனால்தான் எரிச்சலே. யாரைத் திட்டுவது?

மனைவி ஜெபமலர் ஒருத்திதான் ஜெபிக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயதிலிருந்து மூச்சிழுப்பு. தான் வாய் திறந்தால் சுகம் தன் நெஞ்சுக்குத்தான் வரும், புருஷனுக்கென்று மிச்சமிருப்பதும் தீர்ந்துவிடும் என்று பயந்தாள். சபையார் கண்ணை மூடும்போது அடுப்படியில் நின்று பால் விடாத கட்டன்சாயா போட்டாள். மூச்சு முட்டும்போதெல்லாம், இன்னும் அவர் பங்கு போகவில்லை என்று ஆறுதல்பட்டாள். கட்டினவனுக்காக ஒரு வார்த்தை ஜெபிக்காத கல்நெஞ்சுக்காரி என்று எலிசாள் வீடுவீடாகச் சொன்னாள். சரியான முட்டோடு எத்தனை வீடும் ஏறலாமே.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஒரு மத்தியானம், வந்திருந்தவர்களையெல்லாம் போகச் சொல்லிவிட்டு லிங்கராஜ் அவளைக் கூப்பிட்டார். "நீ ஒருக்கா ஜெபி, புள்ள."

"நான் ஜெபிச்சா எனக்கில்லியா சொவமாவும்?"

"ஆவட்டு. எனக்க காதுல ஒனக்க ஜெபம் கேக்கணும்."

அவள் முழங்கால் போட்டு, அவர் வயிற்றில் கை வைத்து ஜெபித்தாள். கெஞ்சவில்லை; இந்த மனுஷனை எனக்குத் தந்துவிடும் என்று ஆண்டவரிடம் சண்டைக்கு நின்றாள். ஆமென் சொல்லித் தலை தூக்கியபோது லிங்கராஜ் அடங்கியிருந்தார். அலற வாய் திறந்தாள். மூச்சு எங்கும் தட்டாமல் அடிவயிறு வரை போய் வந்தது. அந்த அலறல் கரமனைப் பாலம் வரை கேட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் ஞாயிறு, சாட்சி நேரத்தில் ஜெபமலர் எழுந்தாள். "எனக்க இழுப்பு சொவமாச்சு. நான் கேட்டது அதில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உபதேசியார் சபையைப் பார்த்தார், சபை உபதேசியாரைப் பார்த்தது. எந்தச் சாட்சியானாலும் பதில் சொல்லாமல் விடும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபமலரும் சொன்னாள்.