சோபாவைக் கடக்கும் எல்லை

நெதர்லாந்தும் பெல்ஜியமும் பின்னிக் கிடக்கும் பார்லே ஊரில் யாராவது வீடு கட்டினால், வாசற்கதவு எந்தப் பக்கம் வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். கதவு நெதர்லாந்தில் திறந்தால் வீடு நெதர்லாந்து, பெல்ஜியத்தில் திறந்தால் பெல்ஜியம். எல்லைக்கோடு சமையலறைக்குள் புகுந்து வெளியேறினாலும் சரி, கட்டிலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனாலும் சரி, கதவு சொன்னதுதான் கணக்கு. இரண்டு நாட்டு நகராட்சிகளும் அதை ஒத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

அட்ரியான் குஸ்டர்மன்ஸின் கதவு நெதர்லாந்தில் இருந்தது. அதன் முன்னால் யோரீன் காரை நிறுத்தியபோது மணி இரண்டேகால். ஐந்து மணிக்குள் அவள் ஒரு முடிவை எழுதி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் பொய் சொன்னாரா, இல்லையா?

இணையத்தில் பந்தயம் கட்டும் ஆள் அந்த நேரத்தில் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்துச் சொல்லும் நிறுவனத்தில் யோரீன் வேலை பார்த்தாள். அட்ரியான் சேர்ந்திருந்த பந்தயத் தளத்துக்கு நெதர்லாந்து உரிமம் மட்டும்தான் உண்டு. அதனால் அந்த நாட்டுக்குள் நிற்பவரிடம் மட்டும்தான் அது பந்தயம் வாங்கும். ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சேற்று சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டிருந்தபோது, அட்ரியானின் கைபேசி நாற்பத்தொரு தடவை நாடு மாறியது. பெல்ஜியம் என்று காட்டியதும் தளம் மறுக்கும். அரை நிமிஷத்தில் நெதர்லாந்து என்று காட்டும், தளம் ஏற்றுக்கொள்ளும். இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டும் செயலியை ஒருவன் போட்டும் அணைத்தும் சோதிப்பதுபோலவே இருந்தது அது. தளம் அவர் கணக்கை மூடிவிட்டது. 'மோசடி' என்று முடிவானால் போலீஸுக்குப் புகார் போகும். நன்னடத்தைச் சான்று கிடைக்காது. அது இல்லாமல் அவருடைய ஒப்பந்த வேலையை நகராட்சி புதுப்பிக்காது.

அவருடைய வேலை என்ன என்பது யோரீனுக்குக் கதவு திறந்த பிறகுதான் தெரிந்தது.

"வாங்க, வாங்க. திருடனப் பிடிக்க வந்த அம்மா நீங்கதானா?" ஐம்பது வயதிருக்கும். முழங்காலில் தோல் ஒட்டுப்போட்ட கால்சட்டை, சிமெண்ட் தூசி படிந்த புருவம். "இந்த ஊர் ரோட்டுல எல்லைக்கு வெள்ளைச் சிலுவையும் இரும்புக் குமிழும் பதிச்சிருக்கு, பாத்தீங்களா? அத்தனையும் இந்தக் கை பதிச்சது. இருபத்திரண்டு வருஷமா. எந்தப் பக்கம் எந்த நாடுன்னு எனக்குத் தெரியலன்னு கடுதாசி போடுறானுங்க!"

"மொதல்ல உள்ள விடு அவங்கள. குளிர்ல நிக்க வச்சுப் பேசாத," என்று பின்னாலிருந்து வந்தாள் அவருடைய மனைவி ரீட். "நீ வா கண்ணு. ஒரு வாரமா தூக்கமில்ல இவனுக்கு. தபால்காரன் வணக்கம் சொன்னாக்கூட கிண்டல் பண்றான்னு நெனைக்கிறான்."

"பெல்ஜியத் தபால்காரன் பண்ணத்தான் செஞ்சான்!"

கூடத்தின் முன்பாதியில் சாப்பாட்டு மேசை. பின்பாதியில் பெரிய பழுப்புச் சோபா, அதற்கு எதிரே டிவி. தரையில் மேசைக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு மெல்லிய பித்தளைப் பட்டை ஓடி, சோபாவின் ஒரு கைப்பிடிக்கு அடியில் நுழைந்து மறைந்தது.

"அதுவும் நான் பதிச்சதுதான்," என்றார் அட்ரியான். "தலை வச்சுப் படுத்தா பெல்ஜியம், கால் நீட்டுனா நெதர்லாந்து. ஆனா கதவு அங்க இருக்கு. அப்ப வீடு மொத்தமும் நெதர்லாந்துதான? நான் என் வீட்டுக்குள்ள எங்க உக்காந்தா அவனுக்கென்ன?"

யோரீனுக்குப் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. "கதவுக் கணக்கு நகராட்சிக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாதுங்க. அது உங்க வீட்டத் தேடல, உங்களத் தேடுது."

"எப்படித் தேடுது? எட்டிப் பாக்குதா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் யோரீனால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. மேசையில் காபியும், உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட நீள ரொட்டியும் வந்தன. அவள் ரொட்டித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சர்க்கரைக் கட்டிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"இது உங்க போன். மேல இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துல முப்பது சொச்சம் செயற்கைக்கோள் சுத்துது. ஒவ்வொண்ணும் 'இப்ப மணி இத்தனை, நான் இங்க இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கு. வேற எதுவும் சொல்றதில்ல. அந்தக் குரல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு உங்க போன் பாக்குது. நாலு கோளோட குரல் கெடச்சா, தான் எங்க நிக்கிறோம்னு அதுவே கணக்குப் போட்டுக்கும். நொடியில பத்துக் கோடியில ஒரு பங்கு தப்பினா மூணு மீட்டர் தப்பிடும்."

ரீட் வாயில் வைத்த ரொட்டியைக் கடிக்காமல் நிறுத்தினாள். "மூணு மீட்டர்னா சோபாவுல இருந்து மேசை."

"அதேதான். அது போதாதுன்னு அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பெட்டிகளையும் பாக்கும். எந்தப் பெட்டி எந்த இடத்துல இருக்குன்னு ஒரு பெரிய பட்டியல் இருக்கு. அப்புறம் செல்போன் கோபுரம். கடைசியா, உங்க இணையக் கம்பி எந்த நாட்டுக் கம்பெனியோடது." அங்கே அவள் நிறுத்தினாள். "அதுலதான் நீங்க வசமா மாட்டிக்கிட்டீங்க. உங்களோடது பெல்ஜியக் கம்பி."

"சேத்துப் பந்தயம் பெல்ஜியக்காரன் டிவியிலதான தெரியுது!" என்றார் அட்ரியான். "பின்சுவத்து வழியா இழுத்துக்கிட்டேன். அதுக்குமா தண்டனை?"

யோரீனின் கைபேசி அடித்தது. மேலாளர் கெர்லோஃப்.

"என்ன யோரீன், கேக் சாப்டாச்சா? முடிவு எழுதிட்டியா?"

"வீட்டுக்கு நடுவுல எல்லை ஓடுது கெர்லோஃப்."

"அது அந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் ஓடும். கம்பி பெல்ஜியம்ங்குது, செயற்கைக்கோள் நெதர்லாந்துங்குது. ரெண்டும் ஒத்துப்போகலன்னா என்ன அர்த்தம்னு நீதான் புதுப் பசங்களுக்குப் பாடம் எடுக்குற. ஆளு ஸ்பெயின்ல வெயில் காஞ்சுக்கிட்டு இருப்பான். இல்லன்னா ஆன்ட்வெர்ப்ல. போனுக்கு மட்டும் பொய் இருப்பிடம் சொல்லிக் குடுத்திருப்பான். அஞ்சு மணி."

அட்ரியானுக்கு எல்லாம் கேட்டிருந்தது. முகம் சிவந்துவிட்டது. அவர் எழுந்து போய், சோபாவின் பெல்ஜியப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

யோரீன் மடிக்கணினியைத் திறந்தாள். முதலில் ஸ்பெயினை ஒழிக்க வேண்டும். அதற்கு வழி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தளம் அவருடைய கைபேசியிடம் சிறு சிறு கேள்விகளை அனுப்பி, பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைத்திருந்தது. இணையக் கம்பியின் கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடும் வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு. நொடியை ஆயிரமாகக் கூறுபோட்டால், ஒரு கூறுக்கு இருநூறு கிலோமீட்டர். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதற்கு மேல் ஓடாது. போய்வர ஆன நேரம் நாலு கூறு. அப்படியானால் போக இரண்டு, வர இரண்டு. அன்றைக்கு அந்தக் கைபேசி, நெதர்லாந்தில் இருக்கும் தளத்தின் கணினியிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்திருக்கவே முடியாது.

"இத மட்டும் யாராலயும் ஏமாத்த முடியாதுங்க," என்றாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். இன்றைக்கும் சிலிர்த்தது. "பதில லேட்டாக்கலாம். சீக்கிரமா வரவைக்க முடியாது. வெளிச்சத்தையே தாண்டணும்."

"அப்ப நான் ஸ்பெயின்ல இல்ல," என்றார் அட்ரியான் சோபாவிலிருந்து. "கேட்டியா ரீட்? வெளிச்சமே சாட்சி சொல்லிடுச்சு."

"ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போன்னு பத்து வருஷமா கேக்குறேன். நீ போகலங்கறதுக்கு எனக்கு வெளிச்சம் வேற வேணுமா?"

ஆனால் ஆன்ட்வெர்ப் மிச்சமிருந்தது. அது ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. மணி மூன்றரை.

யோரீன் அன்றைய இருப்பிடப் புள்ளிகளை வரைபடத்தில் விரித்தாள். பொய்ச் செயலிகள் சாதாரணமாக ஒரே புள்ளியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் மயிரிழைகூட நகராது. நிஜமான கைபேசி அப்படியல்ல. மேசைமேல் வைத்தாலும் புள்ளி ஆடும். குரல் காற்றில் வளைகிறது, சுவரில் மோதுகிறது, கோள்கள் நகர்கின்றன. அட்ரியானின் புள்ளிகள் ஆடியிருந்தன. ஆனால் கெர்லோஃப் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்: நல்ல பொய்ச் செயலி ஆட்டத்தையும் சேர்த்தே தயாரிக்கும்.

அவள் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். தயாரித்த ஆட்டம் ஒரு புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும், ஊற்றிய தோசைபோல வட்டமாக இருக்கும். இங்கே வட்டம் இல்லை. சோபாவுக்குரிய புள்ளிகள் நீள வெள்ளரிக்காய்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மேசைக்குரியவை வேறு உருவம்.

"நீங்க கொஞ்சம் எந்திரிங்க," என்று அவரை எழுப்பிவிட்டு, தன் சோதனைக் கைபேசியைச் சோபாவில் அவர் உட்கார்ந்த குழியிலேயே வைத்தாள். அவருடைய கைபேசியையும் பக்கத்தில் வைத்தாள். "இருபது நிமிஷம் யாரும் தொடாதீங்க."

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முட்டை பொரியுமா?" என்றாள் ரீட்.

திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் சில எங்கெங்கோ போயின. பிறகு அவை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தன. ஐந்து நிமிஷத்தில் ஒரு கீற்று. பன்னிரண்டு நிமிஷத்தில் நீள வெள்ளரிக்காய். யோரீன் அதைத் தூக்கி ஜனவரி மாதப் புள்ளிகளின்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தவில்லை. கோள்கள் அன்றிருந்த இடத்தில் இன்றில்லையே. ஆனால் சாய்வு அதேதான், பெரிய ஜன்னலைப் பார்த்த சாய்வு.

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தாள். எட்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறாள். புள்ளிகளை லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டின் உருவம் இப்படித் தானே வந்து விழுந்து அவள் பார்த்ததில்லை.

"என்னம்மா ஆச்சு? நல்லதா கெட்டதா?" அட்ரியானின் குரல் தணிந்திருந்தது.

"உங்க வீட்டுப் பின்சுவர் தடிப்பு. கூரைல தகரம் இருக்கா?"

"துத்தநாகத் தகடு. நானே அடிச்சேன்."

"மேல இருந்து வர்ற குரல் சுவர், கூரை எல்லாத்துலயும் தடுக்குது. ஜன்னல் வழியா மட்டும்தான் நல்லா நுழையுது. அதனால புள்ளியெல்லாம் ஜன்னல் பக்கம் இழுபடுது. இந்தச் சோபாவுல வச்ச போனுக்கு மட்டும்தான் இந்த உருவம் வரும். ஆன்ட்வெர்ப்ல உக்காந்துக்கிட்டு இத ஒருத்தன் கற்பனையா வரையணும்னா, உங்க ஜன்னல் எவ்வளவு அகலம், கூரைல என்ன தகடுங்கறதெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அட்ரியான் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். சிமெண்ட் ஏறிய விரலால் புள்ளிகளைத் தொடாமல், அவற்றின்மேல் காற்றில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். புள்ளிக் கூட்டத்தின் ஒரு முனை பித்தளைப் பட்டைக்கு இந்தப் பக்கம், மறுமுனை அந்தப் பக்கம்.

"சும்மா வச்ச போனே இப்படி நாடு மாறுதே!"

"நீங்க சும்மாவும் உக்காரல. அன்னைக்கு மூணேகால் மணிக்கு மேல பாருங்க. சோபா, மேசை, சோபா, மேசை. என்ன பண்ணீங்க?"

"கடைசிச் சுத்து," என்றாள் ரீட். "இவன் ஆளு சேத்துல விழுந்தான். கூண்டுல அடைச்ச கரடி மாதிரி நடந்தான்."

"இன்னொண்ணு," என்றாள் யோரீன். "பொய்ச் செயலி வச்சிருக்கவன் பெல்ஜியம்னு ஏன் காட்டப்போறான்? ஒரு தடவைகூட காட்ட மாட்டான். நாப்பத்தொரு தடவை நாடு மாறி மாட்டிக்கிட்டதே நீங்க மறைக்கலங்கறதுக்கு அத்தாட்சி."

நாலே முக்காலுக்கு அவள் கெர்லோஃபுக்கு இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அனுப்பினாள். உடனே அவனை அழைத்தாள். மேசையிலிருந்த யாரும் காபியைத் தொடவில்லை.

"இது அவன் வீட்டு ஜன்னலா?" என்றான்.

"ஜன்னலேதான்."

"அடேயப்பா..." என்று இழுத்தான். கேலி போய்விட்டிருந்தது. "இந்தப் படத்த நான் வச்சுக்கலாமா? சரி, கணக்கத் திறந்துவிடச் சொல்றேன். ஆனா கோடு கோடுதான். சோபாவுல இருந்து பந்தயம் கட்ட முடியாது. அவன்கிட்ட சொல்லிடு."

அவள் சொன்னாள். அட்ரியான் அதைக் காதில் வாங்கினமாதிரித் தெரியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரீட் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கன்னு படிச்சுக் காட்டு," என்றார்.

யோரீன் படித்தாள். "'வாடிக்கையாளர் ஏமாற்றவில்லை. தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை அவர் தவறாக எண்ணிவிட்டார்.'"

"ரெண்டாவது வரிய எடு."

"ஏன்? அதுதான உங்களக் காப்பாத்துது?"

"நான் எதையும் தப்பா நெனைக்கல, தாயி. எந்த இஞ்சுல எந்த நாடுன்னு எனக்குத் தெரியும். தெரியாதவன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எந்த நகராட்சி என்கிட்ட எல்லைக்கல்லக் குடுக்கும்?"

சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு நாலு நிமிஷம் இருந்தது. யோரீன் அந்த வரியை அழித்தாள். திரையின் வெற்றிடத்தில் கர்சர் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசை, ரொட்டித் துணுக்குகள், அழுந்திய சோபா, அகலமான ஜன்னல். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து இத்தனை கோள்கள் தேடி வந்து, கடைசியில் கண்டுபிடித்தது இந்த அறையைத்தான்.

பிறகு எழுதினாள்: 'பந்தயம் நடந்த நேரம் முழுவதும் வாடிக்கையாளர் தன் வீட்டில் இருந்தார்.'

"இது சரியா இருக்கு," என்றார் அட்ரியான். "அனுப்பு."