எப்பவும் போலத் திட்டுங்க

பனியன் கம்பெனித் தையல்காரர்களுக்கு இளவயதிலேயே ஏன் இதயநோய் வருகிறது என்று ஆராய வந்த டாக்டர், கோமளாவின் மார்பில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் துடிப்பைப் பதிவு செய்யும் பெட்டியைக் கட்டி, "எப்பவும் போல வேலை பாருங்கம்மா" என்று அனுப்பியிருந்தார்.

பெட்டியைப் பார்த்ததும் சூப்பர்வைசர் இளங்கோ வாலைச் சுருட்டிக்கொண்டார். "பீஸ் எங்கடி?" என்று நாள் முழுக்கக் காதில் கத்துகிற மனுசன், ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டு, "மெதுவாத் தைச்சாப் போதும் கண்ணு" என்று குழைந்தார்.

கோமளா ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க, எதுக்குங்க இந்த நாடகம்? நேத்துப் பேசுன மாதிரியே இன்னைக்கும் பேசுங்க."

லைன் முழுக்கத் தையல் நின்றது. இளங்கோ ஃபேனை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"பேசுங்க சார்! இத்தனை வருசமா என் நெஞ்சு கேட்டதை இந்தப் பொட்டியும் ஒரு நாள் கேக்கட்டுங்க."