கலைப்பிரியா அனுப்பாத மெயில்

திண்டிவனத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் சேர்க்கை வேலைகளைக் கலைப்பிரியாதான் பார்த்துவந்தாள். 2014இல் நேர்முகத் தேர்வு நாளன்று வரவேண்டிய பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணோம். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து லூர்துமேரி என்ற பெண் போன் செய்தாள்.

"மேடம், இன்டர்வியூ கேன்சல்னு நீங்கதான மெயில் போட்டீங்க? அதான் கெளம்பல."

கலைப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முதல்வர் பாண்டுரங்கனுக்கும் அதே மெயில் வந்திருந்தது. அவள் முகவரி, அவள் பெயர்.

"நீ அனுப்பலன்னா உன் பேர்ல எப்படிம்மா வரும்?"

முந்தின நாள் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் வேலை பார்த்திருந்தாள். ஒருவேளை நான்தானோ? இல்லை, யாராவது பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்களோ என்று அதை மாற்றினாள். மதியம், அவள் முதல்வரின் எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவள் பேரில் இன்னொரு மெயில் வந்து விழுந்தது.

கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பூவரசன் விழுப்புரத்திலிருந்து வந்தான்.

"அனுப்பறவங்க எடத்துல எவன் பேரை வேணா எழுதிக்கலாங்க. எந்த சர்வர்லேந்து வந்தா நம்ம மெயிலுன்னு நம்ம வெப்சைட் பேருக்கான டொமைன் பதிவுல எழுதி வைக்கணும். மெயிலுக்கு ரகசிய சாவியால, அதாவது நீளமான ஒரு எழுத்துக் கோர்வையால, கையெழுத்தும் போடணும். அதை ஒத்துப் பாக்கற இன்னொரு சாவி அதே பதிவுல எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கும். நாம ரெண்டுமே செய்யல."

பாதி புரிந்த மாதிரி தலையாட்டினாள். அவன் எல்லாம் செய்துவிட்டு முதல்வருக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னான். அது ஸ்பேமில் போய் விழுந்தது. கையெழுத்து பொருந்தவில்லையாம்.

"இன்னாங்க இது பேஜாரு? பொய் மெயிலு உள்ள வந்துச்சு, நான் அனுப்பனது குப்பைக்குப் போவுது! அப்ப நான்தான் போலியா?"

பூவரசன் அசடு வழிந்தான். சாவியைப் பதிவில் ஒட்டும்போது கடைசி எழுத்தை விட்டுவிட்டிருந்தான். திருத்தி, சர்வரும் கையெழுத்தும் பொருந்தாத மெயில்களை ஏற்க வேண்டாம் என்றும் பதிவில் சேர்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அனுப்பியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பொய் மெயில் அதன்பின் வரவில்லை. யார் செய்த வேலை என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

வராதவர்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை வரச்சொல்லி மெயில் போட்டாள். லூர்துமேரி மறுபடி கூப்பிட்டாள்.

"இது நெசமா மேடம்? பேசறது நீங்கதானா?"

"நான்தாம்மா. இரு, பிரின்சிபால் சார் கிட்ட குடுக்கறேன்."

"அவரு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வியாழக்கிழமை காலை லூர்துமேரியே பஸ் பிடித்து வந்துவிட்டாள். கலைப்பிரியாவின் முகத்தைப் பார்த்து, "நாளைக்குத்தானே மேடம்?" என்று ஒரே கேள்வி கேட்டாள். ஆமாம் என்றதும் நிம்மதியாகத் திரும்பிப் போனாள். மறுநாள் அவளுக்கு இடம் கிடைத்தது.