வற்றாத வெங்காயக் கூடை

சண்டை உருளைக்கிழங்கில்தான் தொடங்கியது. சனிக்கிழமை காலை ஒரு பை நிறைய வாங்கி வந்த கிழங்கில் எதை வெட்டினாலும் உள்ளே கருப்பு. வெட்டியவள் பேசாமல் குப்பையில் போட்டிருக்கலாம். "என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வாயை விட்டுவிட்டாள்.

அவள் கணவரைத் தெருவில் எல்லோரும் லிப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். உயரமான கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. சாதாரணமாகப் பொறுமைசாலி. கம்பிக்கயிற்றில் ஒரே ஒரு இழை விட்டிருந்தாலும் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிப்பார். ரோஷம் வந்துவிட்டால் மட்டும் வேறு மனுஷன். வெட்டிய கிழங்குகளைத் தட்டோடு தூக்கிக்கொண்டு தெருமுனைக் காய்கறிக்கடைக்குக் கிளம்பிவிட்டார். பேச்சு முற்றிவிடக் கூடாதே என்று அவளும் பின்னாலேயே ஓடினாள்.

கடைக்காரருக்குப் பட்டப்பெயர் தராசு. எடை போடும்போது முள் அசைவது நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அதனால் வந்த பெயர். அவர் தட்டைப் பார்த்தார், லிப்ட்காரரைப் பார்த்தார்.

"பொறுக்கி எடுத்தது நீங்கதானே சார்?"

"வெளிய பாத்துதான் எடுக்க முடியும். உள்ள என்ன இருக்குன்னு எக்ஸ்ரேவா எடுக்க முடியும்?"

"எனக்கு மட்டும் எக்ஸ்ரே கண்ணா இருக்கு? லாரில வர்றத எறக்கி விக்கிறேன்."

"விக்கிறவங்களுக்குப் பொறுப்பு வேணும்."

"அவ்வளவு சுத்தமா வேணும்னா நீங்களே வெளைய வெச்சு சாப்பிட்டுக்கோங்க!"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் விஷயம் அதோடு முடிந்திருக்கும் என்பது அவளுடைய கணிப்பு. சிரிப்புக் கேட்டதும் அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"வெளைய வெச்சுக் காட்டறேன். இனிமே இந்தக் கடைப் படிய மிதிச்சேன்னா என்னன்னு கேளுங்க."

வீட்டுக்கு வந்தவர் கொல்லைக் கதவைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நீளமாக, ஒடுக்கமாக ஒரு சிமென்ட் தளம். துணிக்கொடி, கால் உடைந்த நாற்காலி, பழைய லிப்டுகளிலிருந்து கழற்றி வந்த விசிறிகள், கம்பிகள், சக்கரங்கள். 'என்றைக்காவது உதவும்' என்று சேர்த்து வைத்தவை. ஒரு வாரம் ஆடுவார், அப்புறம் அடங்கிவிடுவார் என்று அவள் நினைத்தாள்.

ஒரு வாரத்தில் சிமென்ட் தளம் போய்விட்டது. அடியில் இருந்தது மண்ணே இல்லை. வீடு கட்டியவர்கள் கொட்டி மூடிய செங்கல் துண்டும் சுண்ணாம்பும். அதையும் தோண்டி வெளியே கொட்டினார். வெளியிலிருந்து மண் வந்தது, எரு வந்தது. பெயிண்ட் டப்பா, உடைந்த வாளி, பழைய குளியல் தொட்டி என்று எதுவும் மிச்சமில்லை; எல்லாவற்றிலும் மண். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் போய்ச் செடிகளின் முன்னால் குந்திக்கொள்வார்.

அவளுக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து பிரேமில் பொருத்துவாள். நுணுக்கமான வேலை செய்து பழகிய கை, அதனால் நாற்றுப் பிடுங்கி நடுவது தன் தலையில் விழும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் நட்டால் பாதி நாற்றின் கழுத்து ஒடிந்தது. "நகருங்க" என்று ஒரு நாள் சொன்னாள். அன்றோடு அவளும் தோட்டக்காரி ஆகிவிட்டாள்.

முதல் போகத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தக்காளி இலை சுருண்டது. முட்டைக்கோஸைப் புழு தின்றது. கத்தரி பூத்துப் பூத்து உதிர்ந்தது. கீரை மட்டும் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. கடையில் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்ததால் காலையில் கீரை, மாலையில் கீரை, வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் டப்பாவிலும் கீரை. கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, நாளைக்கு நான் 'மே'ன்னு கத்தினா பயந்துடாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. "கீரை உடம்புக்கு நல்லது" என்றார்.

வெங்காயமும் போட்டிருந்தார். அதுதான் அவர் நிஜமாகவே ஆசைப்பட்டுப் போட்டது. அறுவடை ஒரு கூடை வந்தது. பெரிய கூடையும் இல்லை. அதை அவர் தூக்கிவந்து சமையலறை மூலையில் வைத்த விதத்தில், கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் ஒரு பக்குவம் இருந்தது. வெங்காயம் இல்லாமல் அவளுக்குச் சமைக்கவே வராது. கூடையில் பாதி காலியாவதற்குள் மீதியில் பலது கழுத்துப் பக்கம் அழுகித் தண்ணீர்விட ஆரம்பித்தது. அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அழுகியதைக் கமுக்கமாகக் கொல்லையில் புதைத்தாள்.

மறுநாள் வேலைவிட்டு வரும்போது தராசு கடையில் நின்றாள்.

"என்ன தங்கச்சி?" என்றார் அவர்.

"வெங்காயம் போடுங்கண்ணே. சின்னதா பாத்துப் போடுங்க. எங்க தோட்டத்து சைஸ்ல."

தராசு ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவள் கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அதைத் திணித்துக்கொண்டு வந்து கூடையில் கொட்டினாள்.

இப்படித்தான் அது வழக்கமாகிவிட்டது. கூடை குறையும், அவள் நிரப்புவாள். ஒரேயடியாக நிரப்பாமல் சந்தேகம் வராத அளவுக்கு. லிப்ட்காரரோ கூடையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

"பாத்தியா? இன்னும் இருக்கு!"

"ஆமாங்க" என்பாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

மகளுக்கு விஷயம் தெரியும். கையும் களவுமாக ஒரு நாள் பிடித்துவிட்டாள். "அம்மா, உன்ன மாதிரி ஒரு கடத்தல்காரியை நான் பாத்ததே இல்ல" என்றதோடு சரி, காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது போகம் வேறு மாதிரி இருந்தது. மண் பழகிவிட்டது, அவர்களுக்கும் பழகிவிட்டது. தக்காளி எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்தது. பீன்ஸ் கொடி துணிக்கொடி மீது ஏறி, துணி காயப்போட இடமில்லாமல் செய்தது. உருளைக்கிழங்கும் மூட்டை கட்டும் அளவுக்கு வந்தது, வெட்டினால் உள்ளே கருப்பில்லை. பூசணி சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் போய்க் காய்த்தது. இல்லாமல் திண்டாடியவர்கள் இப்போது இருப்பதை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள்.

மொட்டைமாடியில் தக்காளியையும் பீன்ஸையும் உலர்த்தினார்கள். எதிர்பாராத மழை வந்து பாதியைப் பூசணம் பிடிக்க வைத்தது. தக்காளியைக் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தார்கள். சில நாளில் சில மூடிகள் உப்பி நின்றன. ஒரு பாட்டில் 'புஸ்' என்று சத்தம் போட்டுப் பக்கவாட்டில் வழிந்தது. "மேலாக எடுத்துட்டு மிச்சத்தை வெச்சுக்கலாமா?" என்று அவர் தயங்கினார். "உப்பினது ஒண்ணுகூட வேண்டாம். உயிரோட விளையாடாதீங்க" என்று அவள் அத்தனையையும் குழியில் கொட்டி மூடினாள். அடுத்த முறை பாட்டில்களைக் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, எலுமிச்சைச்சாறு சேர்த்து, விளிம்பை ஒவ்வொன்றாகத் துடைத்து, லென்ஸ் பொருத்தும் அதே கவனத்தோடு மூடினாள். அவை கெடாமல் நின்றன.

அவருடைய பங்கு மாடிப்படிக்கு அடியில் இருந்த இருட்டறை. அங்கே கிடந்த பழைய செருப்பும் பெட்டியும் வெளியே போயின. தரையிலிருந்து உயர்த்தி மரச்சட்டத்தில் அடுக்குத் தட்டு, கீழே காற்று நுழைய ஒரு ஓட்டை, மேலே காற்று வெளியேற லிப்டிலிருந்து கழற்றிய ஒரு விசிறி, எலி வராமல் கம்பிவலை. உருளைக்கிழங்கைத் தனியாக, வெளிச்சம் படாமல் சாக்கால் மூடினார். இனி எடுக்கப்போகும் வெங்காயத்துக்கு மறுகோடியில் தனி இடம் ஒதுக்கினார். இரண்டையும் சேர்த்து வைத்தால் இரண்டும் கெடும் என்று எங்கோ கேட்டுவந்திருந்தார். மாதக்கணக்கில் கிழங்கு முளைவிடாமல், சுருங்காமல் இருந்தது. அந்த அறைக் கதவைத் திறந்தால் மண்வாசனையோடு குளிர்ச்சியாக ஒரு காற்று வரும். வேலை முடிந்து களைத்து வரும் நாட்களில் அவள் தேவையே இல்லாமல் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கவலையில்லை என்கிற நினைப்பு அவளுக்குப் புதிதாக இருந்தது.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் கொல்லையிலிருந்தபடியே சொன்னார்:

"ஏம்மா, அடுத்த தடவை வெங்காயப் பாத்தியை பாதியாக் கொறச்சுடலாம். போன தடவை ஒரே கூடைதான் வந்துச்சு, இத்தன மாசம் ஓடியிருக்கே! அக்காகிட்ட கூட சொல்லிட்டேன், இனிமே உங்க வீட்டுக்கும் வெங்காயம் நாங்கதான்னு. நாளைக்குப் பை எடுத்துட்டு வர்றாங்க."

நாத்தனார் வெங்காயத்தைப் பார்த்ததும் கேள்விமேல் கேள்வி கேட்கிற ரகம். அதைவிட, இவர் அந்தப் பொய்க் கணக்கை நம்பிப் பாத்தியை அழிக்கப் போகிறார். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"கூடை ஓடல. நான் வாங்கி வாங்கிப் போட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வாங்கின?"

"வேற எங்க? தராசு அண்ணன் கடையிலதான்."

"எப்போலேர்ந்து?"

"நம்மளது அழுக ஆரம்பிச்சதுலேர்ந்து."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு கேட்டார்:

"அவரு சிரிச்சாரா?"

இத்தனை நாளும் இந்த மனுஷனை அரித்துக்கொண்டிருந்தது அதுதானா?

"ஒரு நாள்கூட சிரிக்கல. நல்லதா பொறுக்கித்தான் போட்டாரு. யாருகிட்டயும் மூச்சு விடல."

அவர் எழுந்து கை கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பழைய ஞாபகத்தில் அவளும் பின்னாலேயே போனாள்.

கடையில் தராசு இல்லை. பக்கத்துச் சந்தில் இருந்த கிடங்கில், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அழுகிய மூட்டையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். கடைப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவருக்கு அது வசதியாகப் போயிற்று. கிடங்குக்குப் படி கிடையாது.

"வெங்காயம் குடுத்தீங்களாமே" என்றார் லிப்ட்காரர்.

"கேட்டாங்க, குடுத்தேன்."

"யாருகிட்டயும் சொல்லலியே?"

"அதுல சொல்றதுக்கு என்ன சார் இருக்கு?" தராசு துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. லோடு லோடா அழுகிப் போன கடுப்பு. அது உங்க தலைல விடிஞ்சுடுச்சு."

லிப்ட்காரரின் கண் தராசைத் தாண்டி உள்ளே போயிருந்தது. தகரக்கூரை. ஜன்னல் இல்லை. மூட்டைகள் சுவரோடு ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக, கிழங்கும் வெங்காயமும் கலந்து.

"என்னங்க இது, ரெண்டையும் ஒண்ணா வெச்சிருக்கீங்க? சுவத்தோட ஒட்டி வெச்சா மூட்டை எப்படி மூச்சு விடும்? தரையில வேற போட்டிருக்கீங்க!"

"எடம் வேணாமா சார்?"

"எடம் மேல இருக்கு. நீங்க நிமிந்து பாக்கவே இல்ல." உள்ளே நுழைந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். கைவிரித்து அகலம் அளந்தார். "இங்க ஒரு ஓட்டை, அங்க ஒரு விசிறி. எங்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்குது."

சந்தில் நின்றிருந்த அவளுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். லிப்ட் நடுவில் நின்றுபோய் ஆட்கள் மாட்டிக்கொண்டால் போனில் இதே குரலில்தான் பேசுவார். இனி சண்டைக்கு வேலையில்லை என்று அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் தராசு வந்து மாடிப்படி அறையைப் பார்த்தார். பிறகு கொல்லையில் வெங்காயப் பாத்தியின் முன்னால் குந்தி, ஒரு தாளைக் கிள்ளிப் பார்த்தார்.

"போன தடவை அவசரப்பட்டு எடுத்திருப்பீங்க சார். தாள் தானா சாஞ்சு விழணும். அப்புறம் எடுத்து நெழல்ல பரப்பி, கழுத்து நல்லாக் காயற வரைக்கும் விடணும். பச்சைக் கழுத்தோட கூடைல போட்டா எந்த அறைல வெச்சாலும் நிக்காது."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு நீங்க கேக்கற நெலமையிலயா இருந்தீங்க?"

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நாத்தனார் பையோடு வந்து நின்றார். "வெங்காயம் தர்றேன்னு சொன்னியேடா?" என்று தம்பியைக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பூசணி எடுத்துக்கோக்கா. ரெண்டா எடுத்துக்கோ" என்றார். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே மூன்றாக எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வெங்காயப் பாத்தி குறையவில்லை, கூடியது. இருந்தாலும் வருஷம் முழுவதுக்கும் வரவில்லை. வராது என்று அவரே ஒப்புக்கொண்டார். கீரை, பீன்ஸ், தக்காளி, கிழங்கு, பூசணி வீட்டிலேயே. முட்டைக்கோஸும் மிச்ச வெங்காயமும் தராசு கடையில். தோட்டத்தில் கூடுதலாக வரும் பூசணியும் பீன்ஸும் அங்கே போகும், பதிலுக்கு வெங்காயம் வரும். மழைக்காலத்தில் சாலை அறுத்துக்கொண்டு லாரிகள் வராமல் நின்றபோது தெருவில் பலர் வீட்டில் வெறும் சோறும் உப்பும்தான். இவர்கள் வீட்டில் அடுப்பு வழக்கம்போல் எரிந்தது. அவள் உலர்ந்த பீன்ஸை ஊறவைத்து, ஒரு பாட்டில் தக்காளியைத் திறந்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு பாத்திரம் கொடுத்தனுப்பினாள். பூசணிக் கொடி போய்க் காய்த்த வீடு அது, கேட்க உரிமை உண்டு.

மழை விட்ட பிறகு ஒரு காலை, லிப்ட்காரர் கொல்லையின் கடைசி மூலையில் நின்று கையால் எதையோ அளந்துகொண்டிருந்தார். அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். அளப்பது, யோசிப்பது, மறுபடி அளப்பது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"என்னங்க அங்க?"

"இல்ல, சும்மாதான். இந்த மூலையில ஒரு நாலு கோழி வெச்சா முட்டைக்கும் ஆச்சு, எருவுக்கும் ஆச்சுன்னு..."

"கோழி வேண்டாம்."

"யோசிச்சுப் பாரு."

"யோசிச்சாச்சு. தோட்டத்துல நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன். கோழி வந்தா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர் மூலையை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த போகத்துக்கு எந்தப் பாத்தியில் எதைப் போடலாம் என்று அவளைக் கேட்டார்.