பென்சில் குறி போட்ட கிண்ணங்கள்

ஆய்வக உலையைத் திறந்தபோது இரண்டு கிண்ணங்களும் மொட்டையாக இருந்தன. முந்தின நாள் அவசரத்தில் அவற்றின் மேல் பென்சிலால் குறி போட்டிருந்தேன். அந்தச் சூட்டில் பென்சில் கரி எரிந்து காற்றோடு போய்விடும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஒன்றில் இருந்தது என் வில்லை. மின்கலத்துக்குள் திரவத்துக்குப் பதிலாக வைக்கப்போகிற திடப்பொருள். மற்றது எலும்பு அக்காவுடையது. முறிந்த எலும்பின் இடைவெளியை நிரப்பும் பொருள் செய்வதால் ஆய்வகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். இரண்டும் ஒரே அச்சில் அழுத்தியவை; சட்டைப் பொத்தான் அளவு, வெள்ளை. ஒன்று முழுசாக இருந்தது. இன்னொன்றின் குறுக்கே மயிரிழை போல் ஒரு விரிசல்.

விரிசல் விட்ட வில்லை மின்கலத்துக்கு உதவாது. இந்த முறையும் விரிசல் விட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

"உன்னுது எது?" அக்கா எட்டிப் பார்த்தாள்.

"உடைஞ்சதுதான்."

"விரிசல்ல உன் பேர் எழுதியிருக்கா?"

"நான் செஞ்சதுல எதுக்கா உடையாம வந்திருக்கு?"

"அதுவும் சரிதான்," என்றாள் கொஞ்சமும் இரக்கமில்லாமல். "எதுக்கும் எக்ஸ்ரேல பாத்துடலாம், வா."

எனக்கு வருத்தம்கூட வரவில்லை. தோல்வி எனக்குப் பழகிய வீடு. விளக்குப் போடாமலே நடமாடுவேன். பேராசிரியரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் அதற்குள் வாயில் வரிசைகட்டி நின்றன. முழு வில்லையை நான் தொடக்கூட இல்லை. அடுத்தவர் பிள்ளையைத் தூக்கக் கூச்சப்படுவதுபோல ஒதுங்கியே நின்றேன்.

"உடைஞ்சதை முதல்ல வைங்கண்ணே," என்றாள் அக்கா, எக்ஸ்ரே அறை அண்ணனிடம். "இவ அழறதா இருந்தா அழுது முடிச்சுட்டு சாப்பிடப் போகணும்."

திரையில் கோடு மெல்ல ஊர்ந்து, முகடு முகடாக எழுந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் முகடுகள் எழுகிற இடங்கள் தனி. என்னுடையதை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். இது அது இல்லை.

"இது எலும்பாச்சே," என்றார் அண்ணன்.

அக்கா குனிந்து பார்த்தாள். "அட, உடைஞ்சது நானா?"

"தராசுல வச்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். இந்தப் பொண்ணோடது நல்ல கனம்."

தராசு உலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை யார் நிறுத்துப் பார்ப்பார்கள்?

முழு வில்லையை வைத்தார். என் முகடுகள். வேண்டாதது ஒன்றுகூட முளைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"என்னுதுக்கு இரங்கல் கூட்டம் வேணாம், நாளைக்கே இன்னொண்ணு அழுத்திடுவேன்," என்று முதுகில் தள்ளினாள் அக்கா. "நீ போய் அவர்கிட்ட சொல்லு."

"என்னன்னு சொல்றது?"

"இதுக்கும் எழுதிக் குடுக்கணுமா?"

பேராசிரியர் தலை நிமிராமலே கேட்டார். "உடைஞ்சுதா?"

"இல்ல சார்."

இதற்கு அடுத்த வாக்கியம் என்னிடம் இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ தலைப்பு?"

"மாத்தல சார்," என்றேன். பிறகும் ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. "அக்காவோடதுதான் உடைஞ்சிடுச்சு."

"அதை இப்போ யார் கேட்டா?" என்றது கதவுக்கு வெளியிலிருந்து அக்காவின் குரல்.