பல் செட்டைக் கேட்டு வந்த நர்ஸ்

மயக்க மருந்து டாக்டருக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. நினைவிழந்த பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்த உடனே, அவர் வாயிலிருந்த பல் செட்டைக் கழற்றி, கூடவே ஓடிவந்த மனைவியின் கையில் திணித்து, "வெளிய இருங்கம்மா" என்று கதவைச் சாத்தியவள் அவள்தான். தொண்டைக்குள் குழாய் விடும்முன் பல்லைக் கழற்ற வேண்டும் என்பது பாடம். பாடம் சரிதான், அவசரம்தான் தப்பு.

குழாய் போகவில்லை. கழுத்தோ குட்டை, தாடையோ விறைப்பு. இரண்டாம் தடவையும் போகவில்லை. தொண்டை வேறு வீங்கத் தொடங்கியது. சரி, மாஸ்க் வைத்துக் காற்றடிக்கலாம் என்றால், பல்லில்லாத கன்னம் குழிந்து, அடித்ததெல்லாம் ஓரமாகப் புஸ்ஸென்று போயிற்று. ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க, அதை அளக்கும் கருவியின் சத்தமும் தாழ்ந்துகொண்டே வந்தது.

"கழுத்தைக் கீறிக் குழாய் விட்டுடலாமா டாக்டர்?" என்றாள் நர்ஸ்.

"கத்தியை எடுத்து வைங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பல் செட்டு! ஓடுங்க சிஸ்டர்!"

நர்ஸ் கதவைத் திறந்து கேட்டதும் அந்த அம்மா பின்வாங்கினார். கைக்குட்டையில் சுற்றிய செட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

"எங்க அப்பா செத்தப்பவும், முகம் நல்லா இருக்கட்டும்னு இப்படித்தான் வந்து கேட்டாங்க. தரமாட்டேன். அவர் போயிட்டாருன்னு நேரா சொல்லுங்க!"

மாஸ்கை விட்டு டாக்டர் எப்படி நகர்வாள்? உள்ளேயிருந்தே தொண்டை கிழியக் கத்தினாள். "ஐயோ, உயிரோட இருக்காரும்மா! பல் இருந்தாத்தான் கன்னம் நிக்கும், காத்து உள்ள போகும்! நீங்களே வந்து மாட்டுங்க!"

அந்த அம்மா விழுந்தடித்துக்கொண்டு வந்தார். "காலையிலகூட இதை மாட்டச் சொன்னா ஆயிரம் நொட்டை சொன்னீங்களே" என்று அழுகையும் ஏச்சுமாக ஒரே அழுத்தில் மாட்டிவிட்டார். கன்னம் எழுந்தது. மாஸ்க் படிந்தது. டாக்டர் காற்றுப் பையை அழுத்த, நெஞ்சு உயர்ந்தது. கருவியின் சத்தம் மெல்ல மேலேறியது.

அப்பாடா என்று நிமிர நேரம் கிடைத்தது. அந்த அம்மாவை நர்ஸ் வெளியே உட்காரவைத்தாள். தொண்டைக்குள் பார்க்கும் கேமரா வைத்த கருவி வந்தது, செட் மறுபடி கழன்றது, இந்தத் தடவை குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

டாக்டர் வெளியே வந்து செட்டை நீட்டினாள். அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. "இப்ப எதுக்குத் திருப்பித் தர்றீங்க?"

டாக்டர் இப்போது அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் கண்டம் தாண்டலைம்மா. ஆனா மூச்சு ஒழுங்கா ஓடுது. முழிச்சா முதல்ல இதைத்தான் கேப்பாரு. வெச்சிருங்க."

அந்த அம்மா வாங்கி, கைக்குட்டையில் மறுபடி சுற்றினார்.

"கேக்கட்டும். ரெண்டு திட்டு திட்டிட்டுத்தான் கொடுப்பேன்."